ஒரு கிலோமீட்டர்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே தூரம்.
அஞ்சலாட்சி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்,
'படகுலயா, பஸ்ஸுலயா மேடம்?'

படகில் என்றால் கூப்பிடு தூரம்.
முதுநகரில் நாங்கள் அடிக்கும் காலை மணி
உப்பனாற்றைத் தாண்டி
அவள் கருவாடு திருப்பிப்போடும் மணல்வரை கேட்கும்.
பஸ்ஸில் என்றால்
பாலம் சுற்றி, ஐஸ் பேக்டரி சுற்றி
நாலு கிலோமீட்டரும் சில்லறையும்.
சட்டம் ஒரு கிலோமீட்டர் என்கிறது.
தண்ணீர்மேல் அளப்பதா, தார்மேல் அளப்பதா
என்று எங்கேயாவது எழுதியிருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
நான் பீஸ் ரசீது போடுகிறவள்.

போன மாதம் கமிட்டி கூடியது.
தாளாளர் ஏசியைப் பதினெட்டில் வைத்தார்.
டைவர்சிட்டி என்றொரு சொல்
சமோசாத் தட்டோடு மேசையைச் சுற்றி வந்தது.
பள்ளி விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்தவன்
'பசங்கள கொஞ்சம் கலந்து நிறுத்துங்க' என்று கேட்டபோதுதான்
கலக்க ஒன்றுமில்லை என்று அவர்களுக்கே தெரிந்ததாம்.
கெமிக்கல் கம்பெனி மேனேஜர், நகைக்கடை,
நர்சிங் ஹோம், மறுபடி நகைக்கடை:
மூன்று தெருவின் பிள்ளைகள்,
ஒரே கம்பெனித் தண்ணீர் பாட்டில்.

'தகுதிய மட்டும்தானே சார் பாக்கணும்' என்றார்
பெற்றோர் சார்பில் வந்த டாக்டர் உமாசங்கர்.
தகுதி.
மூன்றரை வயசுக்கு.
நேர்முகம் என்று இப்போது சொல்லக்கூடாது, சந்திப்பு;
அவர் மகன் அந்தச் சந்திப்பில்
ஆப்பிளைப் பந்து என்று சொல்லிவிட்டு
மேசைக்கடியில் ஒன்றுக்குப் போனான்.
ஆயாவைக் கூப்பிட்டது நான்.
துடைத்தது ராசாம்பாள்.
ராசாம்பாளின் பெண் எந்தப் பள்ளியில் என்று
பதினோரு வருஷத்தில் நான் கேட்டதில்லை.

புதிதாய் வந்த ரெஜினா மிஸ் எழுந்து,
'கடற்கரைப் பிள்ளை ஒருத்தன் கிளாஸ்ல இருந்தா
நம்ம பிள்ளைங்க மீனைப் பத்தி, கடலைப் பத்திக்
கத்துக்கும் சார்' என்றாள்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டிக்கொண்டே குறிப்பெழுதினேன்.
இரவு சங்கராவுக்குச் செதில் எடுக்கையில்தான்
முள்ளாய்க் குத்தியது:
அவன் படிக்க வருகிறான்.
பாடமாக அல்ல.

என் மகளும் அங்கேதான்.
ஊழியர் பிள்ளை, அரைக்கட்டணம்.
ஆண்டுவிழா உடைக்கு ஆயிரத்தெண்ணூறு கட்டமுடியாத வருஷம்
மேடையோரம் மரமாக நின்றாள்;
பச்சைத் துணி வீட்டிலேயே இருந்தது.
'மரம் ஆடக்கூடாதும்மா' என்று
வரும் வழியெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.
கலந்து நிறுத்துவது என்றால் என்னவென்று
எனக்குக் கொஞ்சம் தெரியும்.
ஆனாலும் அவளை நான் வேறு பள்ளிக்கு மாற்றவில்லை.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே அஞ்சலாட்சியிடம் எல்லாம் சொன்னேன்.
ஷூ ரெண்டு ஜோடி. வேன் தனி.
அரசாங்கம் கட்டுவது எதற்கு, கட்டாதது எதற்கு.
பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லெட்.
வாசனை என்று எவனாவது மூக்கைப் பிடிப்பான் என்பதை
வேறு வார்த்தையில் சொன்னேன்.
நிஷ்வந்த் அதற்குள் என் ஸ்டாம்ப் பேடைத் திறந்து
பத்து விரலையும் ஊதாவாக்கியிருந்தான்.
'அதெல்லாம் தெரிஞ்சுதான் மேடம் வந்தேன்.
தூரத்த மட்டும் சொல்லுங்க.'

ஜன்னலைத் திறந்தேன்.
அக்கரையில் ஒரு நீலத் தார்ப்பாய்.
'அதானா?'
'அதுக்குப் பக்கத்துது.'
கண்ணால் அளந்து எழுதினேன்:
அறுநூறு மீட்டர்.

ஆறு இடம், நாற்பத்தொரு சீட்டு.
எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கி
தாளாளர் மனைவி எடுப்பார், போட்டோவோடு.
சீட்டுகளை மடித்தது நான்.
அவன் சீட்டை மட்டும்
விரலில் தட்டுப்படும்படி தடிமனாக மடிக்கவில்லை.

மடிக்கத் தோன்றியது.
குறிப்பேட்டில் இடமில்லாததால்
இங்கே எழுதிவைக்கிறேன்.